இராச்சியத்திலிருந்து ஆட்சிக்கு: புதுச்சேரிக் கிராமப்புறப் பின்னணியில் இறையாட்சிக் கருத்தும் அன்றாட வாழ்வும்

ஆய்வுச் சுருக்கம்

நற்செய்தி நூல்களின் மையக் கருத்தாகிய இறையாட்சி, தமிழில் 'இராச்சியம்', 'அரசு', 'ஆட்சி' என வெவ்வேறு சொற்களால் பெயர்க்கப்பட்டுள்ளது. இச்சொல் மாற்றம், இறையாட்சியை ஓர் இடமாகக் காணும் பார்வையிலிருந்து அதனை ஒரு செயலாகக் காணும் பார்வைக்கு நகர்ந்ததைக் காட்டுகிறது. அது செயலாயின் அதனைச் சோதிக்கும் களம் அன்றாட வாழ்வே ஆகும். புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் கொம்யூன்களின் வரலாற்றுச் சூழல், ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு, கிறித்தவக் காப்பியங்கள், தலித் கிறித்தவ உரைநடை ஆகியவற்றைச் சான்றுகளாகக் கொண்டு, சமய நல்லிணக்கத்தை இறையாட்சியின் அடையாளமாகக் கொள்ளும் வாசிப்பு போதாது என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: இறையாட்சி, விண்ணரசு, வில்லியனூர், பாகூர், ஆனந்தரங்கப் பிள்ளை, பாமா, ராஜ் கௌதமன், தலித் கிறித்தவம்.

முன்னுரை

தமிழ்க் கிறித்தவ இலக்கிய ஆய்வு நெடுங்காலமாக இரு பாதைகளில் நடந்து வந்துள்ளது. ஒன்று, தேம்பாவணி, இரட்சணிய யாத்திரிகம் போன்ற நூல்களின் காப்பிய நலன்களை எடுத்துரைப்பது. மற்றொன்று, தேர், கொடியேற்றம், திருக்குளம், நேர்த்திக்கடன் போன்ற வழிபாட்டுக் கூறுகளை எடுத்துக்காட்டிக் கிறித்தவம் தமிழ் மண்ணில் பண்பாட்டேற்றம் பெற்றதை விளக்குவது. இரண்டும் பயனுள்ளவையே. ஆயினும் இவ்விரண்டிலும் ஒரு வினா விடுபட்டுப் போகிறது. இயேசுவின் போதனைக்கு மையமான கருத்து இறையாட்சி என்றால், அக்கருத்தைத் தமிழில் கேட்ட உழவரும் கூலியாட்களும் அதனை என்னவென்று புரிந்துகொண்டிருப்பர் என்பதே அவ்வினா.

இதனை ஆராய வில்லியனூரும் பாகூரும் பொருத்தமான களங்கள். ஒன்று புகழ்பெற்ற லூர்து அன்னை திருத்தலத்தையும் தொன்மையான திருக்காமீசுவரர் கோயிலையும் ஒருங்கே கொண்ட ஊர். மற்றொன்று ஏரிப் பாசனமும் நெல் வேளாண்மையும் சார்ந்த ஊர். அரசுகளும் ஆட்சிகளும் மாறி மாறிக் கடந்துசென்ற நிலம் இது. 'இராச்சியம்' என்ற சொல் இங்கு வெறும் உருவகமாக ஒருபோதும் ஒலித்திருக்க முடியாது.

சொல்லின் பயணம்

கிரேக்கத்தில் 'பசிலேயா' என்றும் எபிரேயத்தில் 'மல்கூத்' என்றும் வழங்கும் சொற்கள், ஓர் அரசன் ஆளும் நிலப்பரப்பைக் காட்டிலும் அவன் ஆளுதலாகிய செயலையே முதன்மையாகக் குறிப்பவை என்பது விவிலிய அறிஞர் பலரும் ஏற்கும் கருத்து. தமிழில் இச்சொல் முதலில் நிலத்தின் பெயராகவே நிலைபெற்றது. 1871இல் பவர் தலைமையிலான குழு வெளியிட்ட மொழிபெயர்ப்பின் வழி, 'பரலோகராஜ்யம்', 'தேவனுடைய ராஜ்யம்' ஆகிய தொடர்கள் சீர்திருத்தத் திருச்சபையினரின் அன்றாட வழக்காயின. கத்தோலிக்கர் வழக்கில் 'மோட்ச இராச்சியம்' என்னும் தொடர் வேரூன்றியிருந்தது. இத்தொடர்களில் முதற்சொற்கள் வேறுபடினும் இராச்சியம் என்பது பொதுவாக நிற்கிறது. மோட்சம், பரலோகம் ஆகியவற்றோடு இணைந்தபோது அது இறப்புக்குப் பின் சென்று சேரும் நாடு என்னும் பொருளை எளிதில் பெற்றுக்கொண்டது.

1995இல் வெளிவந்த திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பு இவ்வழக்கிலிருந்து விலகியது. மத்தேயு நற்செய்தியில் 'விண்ணரசு' என்றும், மாற்கு, லூக்கா நற்செய்திகளில் 'இறையாட்சி' என்றும் அது வழங்கியது. திண்டிவனத்திலுள்ள தமிழ்நாடு விவிலிய, மறைக்கல்வி, திருவழிபாட்டு நடுநிலையம் வெளியிட்ட அப்பதிப்பு, புதுச்சேரி–கடலூர் உயர் மறைமாவட்டத்தின் ஊர்க்கோயில்களில் இன்று வாசிக்கப்படுகிறது. 'ஆட்சி' என்பது 'ஆள்' என்னும் வினையடியாகப் பிறந்த தொழிற்பெயர். நாட்டுக்கு ஒருவர் போய்ச் சேரலாம். ஆட்சியோ நடைபெற வேண்டும். எங்கே, யாரிடையே, எவ்வாறு நடைபெறுகிறது என்ற வினாக்களை அச்சொல்லே எழுப்பிவிடுகிறது. வடசொல்லை நீக்கித் தூய தமிழ்ச்சொல்லை இட்டதாக மட்டுமே இம்மாற்றத்தைக் கருதுவது அதன் பொருளியல் விளைவைத் தவறவிடுவதாகும்.

காப்பியத்தில் நாடு

தமிழ்க் காப்பிய மரபு இறையாட்சியை நாடாகக் காண்பதற்கு ஏற்ற வடிவத்தை முன்னரே வைத்திருந்தது. வீரமாமுனிவர் தேம்பாவணியை யூதேயாவின் நாட்டுப்படலத்தோடும் எருசலேமின் நகரப்படலத்தோடும் தொடங்குகிறார். நீர்வளமும் நிலவளமும் நிறைந்த நாடு, அதன் நடுவே மாடமாளிகைகள் கொண்ட தலைநகர் என்னும் மரபான அமைப்பில் விவிலிய நிலம் தமிழ் நிலமாகிறது. காப்பியத் தலைவனாகிய சூசை தச்சுத் தொழிலாளி. உழைத்து உண்ணும் ஒருவனைத் தன்னிகரில்லாத் தலைவனாக்கியது காப்பிய இலக்கணத்தில் நிகழ்ந்த பெரிய மாற்றம். எனினும் அவன் உழைக்கும் பட்டறையைக் காட்டிலும் அவனுக்கு விண்ணில் கிடைக்கும் முடியே காப்பியத்தின் நிறைவாக அமைகிறது.

1894இல் வெளிவந்த எச். ஏ. கிருஷ்ணபிள்ளையின் இரட்சணிய யாத்திரிகத்திலும் இதுவே நிகழ்கிறது. பனியனின் ஆங்கில நூலைத் தழுவிய அக்காப்பியத்தில் நம்பிக்கையாளன் ஒரு வழிப்போக்கன். அவன் பிறந்த ஊர் அழிவுக்குரியது. அவன் சேரவேண்டிய நகரோ அப்பால் உள்ளது. ஊரைத் திருத்துவது அவன் வேலையன்று, ஊரை விட்டு நீங்குவதே அவன் வேலை. இவ்விரு காப்பியங்களின் கவிதைச் சிறப்பு ஐயத்திற்கு அப்பாற்பட்டது. ஆயினும் காப்பியம் என்னும் வகைமையே இறையாட்சியை அன்றாடத்துக்கு வெளியே நிறுத்தியது என்பதை இலக்கிய வரலாறு கணக்கில் கொள்ள வேண்டும்.

கொடுக்கப்பட்ட ஊர்கள்

இராச்சியம் என்னும் சொல்லைப் பாகூர் வட்டாரத்து உழவர் எவ்வகை அனுபவத்தோடு இணைத்துக் கேட்டிருப்பர் என்பதை அவ்வூர்களின் வரலாறு ஓரளவு உணர்த்துகிறது. ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்த பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் பாகூர்ச் செப்பேடுகள், அங்கிருந்த வித்யாஸ்தானத்துக்கு மூன்று ஊர்கள் கொடையாக அளிக்கப்பட்டதைக் கூறுகின்றன. ஏறத்தாழ ஒன்பது நூற்றாண்டுகள் கழித்து, 1749இல், சந்தா சாகிப் வில்லியனூர், பாகூர்ப் பகுதிகளைப் பிரெஞ்சுக்காரருக்கு அளித்தார். முன்னது கல்விக்கான கொடை. பின்னது போர் உதவிக்கான கைம்மாறு. இரண்டுக்கும் நோக்கம் வேறாயினும், ஊர் என்பது ஆள்வோர் ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்ளும் பொருளாக இரண்டிலும் அமைகிறது. அந்நிலத்தில் ஏர் பிடித்தவர்கள் கொடுப்போராகவும் இல்லை, பெறுவோராகவும் இல்லை. கொடுக்கப்படும் ஊரோடு அவர்களும் கைமாறினர்.

இப்பின்னணியில் லூக்கா நற்செய்தியின் சமவெளிப் பொழிவை வைத்துப் பார்க்கும்போது அதன் கூர்மை புலப்படுகிறது. இறையாட்சி ஏழைகளுக்கு உரியது என்று அங்கு அறிவிக்கப்படுகிறது. வரலாற்றில் எவர் கொடையின் இரு முனைகளிலும் இல்லையோ, அவரே இங்குப் பெறுவோராக நிறுத்தப்படுகிறார். அரசியல் சொல்லகராதியின் இத்தலைகீழ் மாற்றம், கொடையளிக்கப்பட்ட ஊர்களின் மக்களுக்கு விளக்கவுரை இன்றியே புரியக்கூடியது.

'ஆட்சி' என்ற சொல்லும் இங்குத் தடையற்ற பொருளில் வழங்குவதன்று. 'கொம்யூன்' என்னும் பிரெஞ்சுச் சொல் உள்ளாட்சியின் பெயராக இன்றும் நீடிக்கிறது. ஆனால் 1968க்குப் பிறகு 2006இல்தான் புதுச்சேரியில் உள்ளாட்சித் தேர்தல் நடைபெற்றது. ஆட்சி என்பது தமக்கு மேலே எங்கோ நடப்பது என்னும் உணர்வு இத்தகைய சூழலில் இயல்பானது. ஆகவே புதிய மொழிபெயர்ப்புச் சொல் மட்டுமே இறையாட்சியை அன்றாடத்துக்குக் கொண்டுவந்துவிடாது.

1704, 1745: அன்றாடத்தின் மீதான வழக்கு

சொல் மாறுவதற்கு வெகு முன்பே, அன்றாட வாழ்வில் இறையாட்சி எங்கே தொடங்குகிறது என்ற வழக்கு புதுச்சேரியில் எழுந்துவிட்டது. 1704இல் திருத்தந்தையின் தூதராக வந்த துர்னோன் இந்நகரிலிருந்து வெளியிட்ட ஆணை, 'மலபார்ச் சடங்குகள்' பற்றிய நெடிய விவாதத்தின் திருப்புமுனை. தாலியில் பிள்ளையார் உருவம், திருமணத்தில் தேங்காய் உடைத்தல், பூப்பு விழா, திருநீறு முதலியவற்றை அது தடுத்தது. அதே ஆணை, சேரியில் நோயுற்றுக் கிடக்கும் கிறித்தவரின் வீட்டுக்குள் சென்று அருள்சாதனம் வழங்க மறுக்கும் குருக்களின் வழக்கத்தையும் கண்டித்தது.

பண்பாட்டேற்ற நோக்கில் அமைந்த ஆய்வுகள் இவ்வாணையை உள்ளூர்ப் பண்பாட்டின் மீதான ஐரோப்பியத் தாக்குதலாகவே பெரிதும் மதிப்பிடுகின்றன. தாலி, தேங்காய் ஆகியவற்றைப் பொறுத்தவரை அம்மதிப்பீடு சரியானதே. ஆனால் சேரி வீட்டு வாசற்படியையும் அதே பட்டியலில் சேர்த்துப் 'பண்பாடு' என்று அழைக்கும்போது, யாருடைய பண்பாடு என்ற வினா மறைந்துபோகிறது. தேங்காய் உடைப்பதும் நோயாளியின் வீட்டுக்குள் நுழைய மறுப்பதும் ஒரே தன்மையின அல்ல. முன்னது அடையாளம், பின்னது விலக்கம். 1744இல் திருத்தந்தை பதினான்காம் பெனடிக்ட் வெளியிட்ட ஆணைமடல் இவ்விவாதத்தை முடித்து வைத்தது. எனினும் இயேசு சபையினர் சேரி மக்களுக்கெனத் தனிக் குருக்களை அமர்த்திக்கொள்ள இடம் பெற்றனர். வாசற்படியைக் கடக்க வேண்டும் என்ற கட்டளை, அதனைக் கடப்பதற்கெனத் தனி ஆட்களை ஏற்படுத்துவதில் சென்று முடிந்தது.

அடுத்த ஆண்டே இவ்வழக்கு கோயிலின் உள்ளேயே வெடித்தது. ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு 1745 அக்டோபரில் இந்நிகழ்வைப் பதிவு செய்கிறது. மக்கள் 'சம்பாக் கோயில்' என வழங்கிய தூய பவுல் கோயிலினுள் சேரிக் கிறித்தவரையும் சாதிக் கிறித்தவரையும் பிரிக்கும் சுவர் ஒன்று இருந்தது. காரைக்காலிலிருந்து வந்த குரு ஒருவரின் தூண்டுதலால், சேரிக் கிறித்தவர்கள் தலைமைக் குருவிடம் சென்று, தாங்களும் அவருடைய சீடர்களே என்றால் இப்பிரிவினை ஏன் என வினவினர். சுவர் இடிக்கப்பட்டது. சாதிக் கிறித்தவர்களிடையே கொந்தளிப்பு எழுந்தது.

இப்பதிவை எழுதியவர் கிறித்தவர் அல்லர். சமத்துவத்தை ஆதரித்து எழுதியவரும் அல்லர். ஊர்ச் செய்திகளுள் ஒரு வியப்பான செய்தியாகவே அதனைக் குறித்துவைத்தார். அதனாலேயே அப்பதிவின் மதிப்பு கூடுகிறது. சேரி மக்களின் வினா, அவர்கள்பால் தனிப்பற்று இல்லாத ஒருவரின் எழுத்து வழியாகவே வரலாற்றில் நுழைகிறது. அவ்வினா இறையியல் வாதமாக அமையவில்லை. அமரும் இடத்தைப் பற்றிய கேள்வியாக அமைந்தது. 1995இல் வந்த சொல் எழுப்பும் வினாவை இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே அவர்கள் கேட்டுவிட்டனர் எனலாம்.

இந்நிகழ்வைத் தூய வெற்றியாகக் கொண்டாடவும் இயலாது. 1748 செப்டம்பரில் அதே கோயிலின் அருகிலிருந்த வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டதையும், அதில் குருக்களுக்கு இருந்த பங்கையும் அதே நாட்குறிப்பு விரிவாகக் கூறுகிறது. உள்ளிருந்த சுவரை இடித்தபோது இறையாட்சி செயலாக விளங்கியது. அயலார் கோயிலை இடித்தபோது அது நிலப்பரப்பாகச் சுருங்கியது. மூன்றாண்டு இடைவெளியில் இரு பொருள்களும் ஒரே வளாகத்தில் நிகழ்ந்துள்ளன.

குளமும் தேரும்: நல்லிணக்க வாசிப்பின் எல்லை

வில்லியனூர் லூர்து அன்னை திருத்தலம் இதற்கு நேர்மாறான அனுபவத்தைத் தருவதாகத் தோன்றும். 1877இல் பிரான்சிலிருந்து கொண்டுவரப்பட்ட அன்னையின் சுரூபத்தை மையமாகக் கொண்ட இத்தலத்தில் குளமும் தேர்பவனியும் வழிபாட்டின் இன்றியமையாக் கூறுகள். பிற சமயத்தவரும் திரளாக வருகின்றனர். அதே ஊரின் திருக்காமீசுவரர் கோயில் தேரைப் பிரெஞ்சு ஆளுநர்கள் வடம்பிடித்து இழுத்த மரபு, இன்று துணைநிலை ஆளுநர் வழியாகத் தொடர்கிறது. இவ்விரு தேர்களும் ஓடும் ஊரைச் சமய நல்லிணக்கத்தின் எடுத்துக்காட்டாக ஆய்வாளர் சுட்டுவதில் பிழையில்லை. 1748ஐ நினைவில் கொண்டால் அந்நல்லிணக்கம் எளிதில் கிட்டியதன்று என்பதும் விளங்கும்.

ஆனால் சமயங்களுக்கிடையேயான இணக்கமும் சமயத்துக்குள்ளான சமத்துவமும் வேறு வேறு. ஒரு தேரைப் பார்க்க யார் யார் வருகின்றனர் என்பது முதலாவதற்கான அளவுகோல். தேர் யார் யார் தெருவுக்குச் செல்கிறது என்பது இரண்டாவதற்கான அளவுகோல். வில்லியனூர் அடங்கிய அதே உயர் மறைமாவட்டத்தைச் சேர்ந்த எறையூரில் 2008 மார்ச்சில் நிகழ்ந்த மோதல் இவ்வேறுபாட்டை வேதனையோடு உணர்த்தியது. பொதுப்பாதை வழியே இறுதி ஊர்வலம் செல்வது உள்ளிட்ட வழிபாட்டு உரிமைகள் மறுக்கப்பட்டதாகக் கூறித் தலித் கிறித்தவர்கள் தனிப் பங்கு கோரினர். அதையொட்டி எழுந்த கலவரத்தில், காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் வன்னியக் கிறித்தவர் இருவர் உயிரிழந்தனர். 1745இல் சுவரை அகற்றக் கோரியவர்களின் வழித்தோன்றல்கள், 2008இல் தனிக்கோயில் கேட்கும் நிலைக்குத் தள்ளப்பட்டனர். இந்திய ஆயர் பேரவை 2016இல் தலித் மக்களின் மேம்பாட்டுக்கெனக் கொள்கை அறிக்கை ஒன்றை வெளியிட நேர்ந்ததே சிக்கலின் தொடர்ச்சிக்குச் சான்று.

எனவே திருவிழாவின் பத்து நாட்களைக் கொண்டு இறையாட்சியை மதிப்பிடும் ஆய்வுமுறை, ஆண்டின் எஞ்சிய நாட்களைக் காணத் தவறுகிறது. இறுதி ஊர்வலம் செல்லும் பாதைக்குத் திருவிழா நாள் என்று ஒன்று இல்லை.

கூலியும் உலையும்

எஞ்சிய நாட்களைப் பற்றியே இயேசுவின் உவமைகள் பேசுகின்றன. புளிப்பு மாவு, கடுகு விதை, வலை, விருந்து ஆகியவை வீட்டையும் தொழிலையும் சார்ந்தவை. அவற்றுள் மத்தேயு இருபதாம் அதிகாரத்திலுள்ள திராட்சைத் தோட்ட உவமை, கூலி வேளாண்மையை நம்பிய ஊர்களில் தனிக்கவனம் பெறத்தக்கது. காலையில் வந்தவருக்கும் மாலையில் வந்தவருக்கும் ஒரே நாட்கூலியை நில உடைமையாளர் வழங்குகிறார்.

மரபான விளக்கவுரைகள் இதனைக் காலந்தாழ்த்தி மனந்திரும்புவோருக்குக் கிடைக்கும் மீட்பின் உருவகமாகக் கொள்கின்றன. அப்போது கூலி மறைந்து மோட்சம் மட்டும் எஞ்சுகிறது. நடவுக்கும் அறுப்புக்கும் ஆள் தேடும் நாளில் அழைக்கப்படாமல் நிற்பதன் பொருளை அறிந்த கேட்போருக்கு இவ்வுவமை வேறுவிதமாக ஒலிக்கும். மாலைவரை நின்றவர்கள் சோம்பேறிகள் அல்லர். தங்களை ஒருவரும் வேலைக்கு அழைக்கவில்லை என்பதே அவர்கள் கூறும் காரணம். முதியவர், நோயாளி, கைக்குழந்தை உடையவர் ஆகியோரே பெரும்பாலும் கடைசிவரை நிற்பவர். வேலை நேரம் குறையலாம், அவர்கள் வீட்டு உலையில் இடவேண்டிய அரிசியின் அளவு குறைவதில்லை. இறையாட்சியின் கணக்கு நேரத்தை அன்று, உலையை அளவாகக் கொண்டது என்பதே இவ்வாசிப்பின் முடிவு.

இந்த 'உலை' என்னும் படிமத்தையே இறையியலின் மையமாக்கியவர் மதுரை அரசரடி தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பணியாற்றிய தியோபிலஸ் அப்பாவு. 'பறட்டை' என்ற பெயரில் நாட்டுப்புற இசையில் வழிபாட்டுப் பாடல்களை ஆக்கிய அவர், ஒரே உலையில் சமைத்துப் பகிர்ந்துண்ணும் கூட்டு வாழ்வை இறையாட்சியின் வடிவமாக முன்வைத்தார். சோயி ஷெரினியன் 2014இல் வெளியிட்ட நூல் அப்பாவுவின் இசையை விடுதலை இறையியலாக ஆராய்கிறது. அப்பாவுவின் பங்களிப்பு, 'ஆட்சி' என்னும் சொல்லுக்குள் எஞ்சியிருந்த மேல்–கீழ் அமைப்பையும் கேள்விக்கு உட்படுத்தியதில் உள்ளது. ஆள்வோர், ஆளப்படுவோர் என்ற இருமைக்கு மாற்றாக உடன் உண்போர் என்னும் உறவை அவர் வைக்கிறார். சாதி தன்னை உறுதியாகக் காத்துக்கொள்ளும் இடம் சமையலும் பந்தியும் ஆதலின், இது மென்மையான படிமம் அன்று.

கருக்கும் சிலுவைராஜும்

காப்பியம் நாடாகக் கண்டதை அன்றாடச் செயலாக மாற்றிக் கேட்ட இலக்கிய வகைமை தன்வரலாற்று உரைநடையே. 1992இல் வெளிவந்த பாமாவின் 'கருக்கு' இவ்வகையில் முதன்மையானது. பனை மட்டையின் இருபுற வெட்டுமுனையையும், எபிரேயர் திருமுகத்தில் இறைவார்த்தைக்கு உவமையாக வரும் இருபுறமும் கூர்மையான வாளையும் அத்தலைப்பு ஒருங்கே தாங்குகிறது. அவ்வாளின் ஒரு முனை சாதிச் சமூகத்தை நோக்கியது என்றால் மறுமுனை திருச்சபையை நோக்கியது. துறவு மடத்துக்குள் நுழைந்து, அங்கும் ஏழ்மை பற்றிய வாக்குறுதிக்கும் வாழ்வுக்கும் இடையிலான தொலைவைக் கண்டு வெளியேறும் பெண்ணின் அனுபவம், இறையாட்சி இங்கு நடைபெறுகிறதா என்ற வினாவாகவே விரிகிறது. அந்நூலில் வெளிப்படுவது நம்பிக்கை இழப்பு அன்று. நம்பிக்கையை அதன் சொல்லுக்கே பொறுப்பாக்கும் முயற்சி.

புதுச்சேரியில் கல்லூரிப் பேராசிரியராக நெடுங்காலம் பணியாற்றிய ராஜ் கௌதமனின் 'சிலுவைராஜ் சரித்திரம்' (2002) இவ்வினாவை எள்ளல் வழியாகக் கேட்கிறது. பக்தி, பயம், பசி மூன்றும் கலந்த கத்தோலிக்கச் சிறுவனாக வளரும் சிலுவைராஜ், இறுதியில் வேலைக்காக இந்துவாக மதம் மாறுகிறான். 1950ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணையின் மூன்றாம் பத்தி இந்துக்களை மட்டுமே ஏற்றது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறித்தவர் இன்றுவரை வெளியே நிற்கின்றனர். புதுச்சேரிக்கென 1964இல் பிறப்பிக்கப்பட்ட ஆணையும் இவ்வழியே சென்றது. சட்டம் சிலுவைராஜைக் கிறித்தவன் என்கிறது, ஆகவே அவனுக்குச் சாதி இல்லை என்கிறது. கோயிலும் ஊரும் அவனுக்குச் சாதி உண்டு என்பதை நாள்தோறும் நினைவூட்டுகின்றன. இரு அதிகாரங்களும் ஒருவனை இரு திசைகளில் விலக்கும் இம்முரணே நாவலின் சிரிப்புக்கு அடியில் உள்ள கசப்பு. இறையாட்சி என்ற சொல் நாவலின் மேற்பரப்பில் இல்லாத இடங்களிலும் அதன் இன்மை உணரப்படுகிறது.

முடிவுரை

மேற்கண்டவற்றால் மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவது, இராச்சியத்திலிருந்து ஆட்சிக்கு நிகழ்ந்த சொல் மாற்றம், இறையாட்சியை அன்றாடச் செயலாக வாசிக்க வழிசெய்தது. ஆனால் அவ்வாசிப்பைத் தொடங்கி வைத்தவர்கள் மொழிபெயர்ப்பாளர் அல்லர். 1745இல் சுவரைப் பற்றிக் கேட்டவர்களே. இரண்டாவது, காப்பியத்திலிருந்து தன்வரலாற்று உரைநடைக்கு நிகழ்ந்த வகைமை மாற்றத்தை இக்கருத்து மாற்றத்தோடு இணைத்தே விளக்க வேண்டும். மூன்றாவது, சமய நல்லிணக்கம் போற்றத்தக்கதாயினும் அதனை இறையாட்சிக்கு ஈடாகக் கொள்ளும் திறனாய்வு, விலக்கப்பட்டோரின் வினாவைப் பண்பாடு என்ற பெயரில் மறைத்துவிடும் இடருக்கு உட்பட்டது.

வில்லியனூரின் குளத்துப் படிகளும் பாகூரின் வயல் வரப்புகளும் இனிவரும் கள ஆய்வுகளுக்குத் திறந்தே உள்ளன. அங்குச் செல்லும் ஆய்வாளர் திருவிழாவோடு சேர்த்து, அமரும் இடம், கூலி, பந்தி, இறுதி ஊர்வலப் பாதை ஆகிய நான்கையும் பதிவு செய்வாராயின், இறையாட்சி என்னும் சொல்லுக்கு அவ்வூர்களில் இன்றுள்ள பொருள் தெளிவாகும்.